ஓர் உயிர், இரு பெயர்: கடல்வாழ் சுழல்கசையுயிரிகளின் வகைப்பாட்டில் வாழ்நிலையும் மரபணுவும்

ஒரு பொருளுக்கு அதன் பருவத்திற்கேற்ப வெவ்வேறு பெயர் இடுவது தமிழுக்குப் புதிதன்று. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்பன ஒரே உறுப்பின் பருவப் பெயர்கள். அரும்பு, மொட்டு, மலர், வீ என்பனவும் அத்தகையனவே. தொல்காப்பிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களைத் தனியே தொகுத்துக் கூறுகிறது. இத்தனை பெயர் இருந்தும் மொழி வழங்குவோரிடையே குழப்பம் நேர்வதில்லை. தளிரும் சருகும் ஒரே கிளையில் தோன்றுவதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம்.

அவ்வாறு காண இயலாத இடத்தில் என்ன நேரும்? தளிரை மட்டுமே கண்ட ஒருவரும் சருகை மட்டுமே கண்ட மற்றொருவரும் தத்தம் நூல்களில் தனித்தனிப் பெயர் எழுதி வைத்தால், அவ்விரு பெயரும் ஒரு பொருளையே குறிக்கின்றன என்பதைப் பின்னர் வருவோர் எவ்வாறு அறிவர்? கடலில் வாழும் ஓரணு உயிர்களான டைனோஃபிளாஜெல்லேட்டுகளின் வகைப்பாட்டில் நூறாண்டுக்கும் மேலாக நிலவிய சிக்கல் இதுவே. ஒரு பொருளுக்குப் பல பெயர், பல பொருளுக்கு ஒரு பெயர், பெயர்களின் பொருள் இடம்மாறுதல் ஆகிய மூன்றும் இவ்வகைப்பாட்டில் ஒருங்கே காணப்படுகின்றன. மொழியியலார்க்கு இது பழகிய களமே. எனினும் இங்குச் சொற்பொருட் குழப்பம் நூற்பூசலோடு நிற்பதில்லை. சிப்பியும் மட்டியும் உண்போரின் உயிரையும் அது தொட்டுச் செல்கிறது.

உயிரியும் அதன் பெயரும்

சுழற்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் சாட்டை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லும் இணைந்து உருவான பெயர் டைனோஃபிளாஜெல்லேட் என்பது. 1885ஆம் ஆண்டு ஆட்டோ பூட்ச்லி என்னும் செர்மானிய விலங்கியலார் இப்பெயரை வழங்கினார். இவ்வுயிரிக்குச் சாட்டை போன்ற இரு கசையிழைகள் உண்டு. ஒன்று உடலின் நடுவே இடைக்கச்சுப் போல் ஓடும் பள்ளத்தில் படிந்து அலைவது. மற்றொன்று பின்னோக்கி நீள்வது. இரண்டும் சேர்ந்து இயங்குவதால் உயிரி சுழன்று சுழன்று நீந்துகிறது. இவ்வியக்கத்தைக் கருதி இக்கட்டுரையில் சுழல்கசையுயிரி என்னும் சொல் ஆளப்படுகிறது.

இவற்றுள் ஏறத்தாழப் பாதி பச்சையம் கொண்டு தாமே உணவு ஆக்குவன. எஞ்சியவை பிற உயிர்களை உண்பன. இரண்டையும் செய்வனவும் உள. ஆகவே தாவரவியலாரும் விலங்கியலாரும் இவற்றைத் தமக்குரியன என்றே கருதினர். தாவரப் பெயரீட்டு விதிகள், விலங்குப் பெயரீட்டு விதிகள் என இரண்டு இலக்கணங்கள் ஒரே உயிர்த் தொகுதியின்மேல் ஆட்சி செலுத்தின. இன்று பெரும்பாலோர் தாவரவியல் விதிகளையே பின்பற்றுகின்றனர். உண்மையில் இவை தாவரமும் அல்ல, விலங்கும் அல்ல. மரபணு அடிப்படையில் இவற்றிற்கு நெருங்கிய உறவினர் மலேரியா ஒட்டுண்ணியை உள்ளடக்கிய தொகுதியே என்பது பலருக்கும் வியப்பளிக்கக் கூடும்.

நீந்தும் உயிரியின் உடலைப் பல சிற்றினங்களில் செல்லுலோஸ் தகடுகளாலான கவசம் மூடியிருக்கிறது. இத்தகடுகளின் எண்ணிக்கையும் அடுக்கும் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடும். 1909ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் கோஃபாய்டு ஒவ்வொரு தகட்டு வரிசைக்கும் எண்ணும் குறியும் அளிக்கும் முறையொன்றை வகுத்தார். எழுத்துகளை எண்ணி முறைப்படுத்தும் நெடுங்கணக்குப் போன்றது அது. நூறாண்டு கடந்தும் அம்முறையே அடிப்படையாக விளங்குகிறது. ஆனால் அது கவசமணிந்த நீந்துநிலையின் இலக்கணம் மட்டுமே. கவசம் கழன்றபின் உயிரி எவ்வடிவில் இருக்கிறது என்பதை அது நேரே கூறுவதில்லை.

வாழ்க்கைச் சுற்று

நீந்துநிலையில் உள்ள உயிரணு பெரும்பாலும் ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம்களை மட்டும் உடையது. உணவும் ஒளியும் போதிய அளவு கிடைக்கும் காலத்தில் அது இரண்டிரண்டாகப் பிளந்து பெருகும். சூழல் மாறும்போது சில உயிரணுக்கள் இனச்செல்களாக மாறி இணைகின்றன. இணைந்து உருவாகும் கருமுட்டை உடனே ஓய்ந்துவிடுவதில்லை. சில நாள் நீந்தித் திரிகிறது. பெற்றோரிடமிருந்து பெற்ற இரண்டு நெடுங்கசைகளை இழுத்துக்கொண்டு செல்லும் அதனை நுண்ணோக்கியில் எளிதில் இனங்காணலாம். பின்னர் அது கசைகளை இழந்து, தடித்த சுவரொன்றைத் தன்னைச் சுற்றி அமைத்துக்கொண்டு கடலடிக்கு இறங்குகிறது. இதுவே ஓய்வுக்கூடு.

ஓய்வுக்கூட்டிற்குள் உறக்கம் சில வாரங்கள் நீடிக்கலாம். பல மாதங்களும் நீடிக்கலாம். சேற்றில் ஆக்சிஜன் இன்றிப் புதைந்த கூடுகள் அதனினும் நெடுங்காலம் உயிர்தரிக்கின்றன. சுவீடன் நாட்டுக் கோல்யோ ஃபியர்டின் அடிச்சேற்றில் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் படிந்த கூடுகளிலிருந்து உயிருள்ள நீந்துநிலைகளை ஆய்வாளர் வெளிக்கொணர்ந்துள்ளனர். உறக்கம் முடிந்ததும் கூட்டின் சுவரில் குறித்ததோர் இடத்தில் வாயில் திறக்கிறது. உயிரணு வெளியேறிக் குன்றல் பிரிவின் வழி மீண்டும் ஒற்றைத் தொகுதி நிலையை எய்துகிறது.

இன்று அறியப்பட்ட சிற்றினங்கள் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் சிறு பகுதியே இத்தகைய ஓய்வுக்கூடு அமைப்பன. கூட்டின் சுவர் அமிலத்திலும் கரையாத கரிமப் பொருளால் ஆனது. மென்மையான நீந்துநிலை அழிந்துபோக, கூடு மட்டும் பாறையாகும் சேற்றோடு பல கோடி ஆண்டுகள் நிலைத்துவிடுகிறது. ஆகவே உயிருள்ள கடலை ஆய்ந்தோர் நீந்துநிலையையும், பாறையை ஆய்ந்தோர் கூட்டையும் கண்டனர். இரு சாராரும் ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

முள்ளுருண்டைகளின் வரலாறு

பெர்லினில் வாழ்ந்த கிறிஸ்டியன் எரன்பெர்க் 1830களில் தீக்கல்லை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அதில் முட்கள் சூழ்ந்த சிற்றுருண்டைகள் தென்பட்டன. நன்னீர்ப் பாசி வகையான சாந்திடியம் என்னும் பேரினத்தில் அவற்றைச் சேர்த்தார். சுழல்கசையுயிரிகளின் நீந்துநிலைகள் பலவற்றையும் அவரே விவரித்துப் பெயரிட்டவர் என்பது இங்குக் கருதத்தக்கது. ஒரே அறிஞரின் மேசைமீது அவ்வுயிர்த் தொகுதியின் இரு பருவங்களும் இருந்தன. இரண்டையும் இணைக்கும் சான்று மட்டும் இல்லை.

1850ஆம் ஆண்டு கிடியன் மேன்டல் இவை சாந்திடியம் அல்ல எனக் கொண்டு ஸ்பினிஃபெரைட்டிஸ் என்னும் பெயரை இட்டார். முள் தாங்கியது என்பது அதன் பொருள். 1933இல் ஆட்டோ வெட்செல், முள்ளம்பன்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு ஹிஸ்ட்ரிகோஸ்பியரா என வேறொரு பெயர் வழங்கினார். முள்ளுருண்டைகள் எந்த உயிரினத்தைச் சேர்ந்தவை என்பது அப்போதும் விளங்கவில்லை. பெயர்கள் பெருகினவேயன்றிப் பொருள் துலங்கவில்லை.

1961இல் வில்லியம் எவிட் வெளியிட்ட ஆய்வே திருப்புமுனை. முட்கள் உருண்டையின்மேல் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். அவை கோஃபாய்டு எண்ணிட்ட தகடுகளின் அமைப்பையே எதிரொலித்தன. உருண்டையில் காணப்பட்ட ஓட்டை உடைசல் அன்று. ஒரு தகட்டின் வடிவத்திற்கு ஒத்த வாயில். எனவே முள்ளுருண்டைகளுள் பல, சுழல்கசையுயிரிகளின் ஓய்வுக்கூடுகளே என்று அவர் நிறுவினார். உயிரை ஒருமுறையும் நேரில் காணாமல், எஞ்சிய சுவட்டின் ஒழுங்கிலிருந்து மட்டும் பெறப்பட்ட முடிவு இது. வழக்கொழிந்த மொழியின் ஒலிகளை அதன் கிளைமொழிகளிலிருந்து மீட்டுருவாக்கும் முறையோடு இதனை ஒப்பிடலாம்.

மீட்டுருவாக்கம் சரியானதா என்பதை மெய்ப்பிக்க வரலாற்று மொழியியலார்க்குப் பெரும்பாலும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. இங்கு அது கிட்டியது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் டேவிட் வால், பேரி டேல் ஆகிய இருவரும் 1960களில் கடலடிச் சேற்றிலிருந்து உயிருள்ள கூடுகளைப் பொறுக்கியெடுத்து ஒவ்வொன்றாகத் தனிக்கலத்தில் இட்டுக் காத்திருந்தனர். ஸ்பினிஃபெரைட்டிஸ் வகைக் கூட்டிலிருந்து கோனியாலாக்ஸ் பேரினத்தைச் சேர்ந்த நீந்துநிலை வெளிவந்தது. பாறையியலார் ஒரு பெயராலும் கடலியலார் வேறொரு பெயராலும் வழங்கியவை ஒன்றே என்பது ஐயத்துக்கு இடமின்றிப் புலனாயிற்று.

இவ்வுறவை ஒலியனியல் நோக்கில் விளக்குவது எளிது. கடல், அகம், தங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. தமிழறியாத ஒருவர் அவற்றை மூன்று எழுத்துகளால் குறித்துக்கொள்வார். தமிழருக்கோ அது ஓர் எழுத்தே. ஓர் ஒலி வரும் சூழலில் மற்றது வருவதில்லை. அவை துணைநிலை வழக்கில் உள்ள மாற்றொலிகள். நீந்துநிலையும் ஓய்வுக்கூடும் அவ்வாறே சூழலால் பிரிக்கப்பட்ட மாற்றுருக்கள். ஒன்று கடற்பரப்பின் உரு. மற்றது அடிச்சேற்றின் உரு. ஒவ்வோர் ஒலிக்கும் ஓரெழுத்து என முதற்கண் எழுதியவர் செய்தது பிழையன்று, அது முதற்படி. அதனையே முடிவெனக் கொள்வதுதான் பிழை.

ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு பட்டியல்கள்

இணைப்புத் தெரிந்தவுடன் இரு பட்டியல்களையும் ஒன்றாக்கிவிடலாமே என்று தோன்றும். அது எளிதாக அமையவில்லை. கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா என்னும் ஒரு நீந்துநிலைப் பெயருக்கு உரியனவாகப் பல கூட்டுவகைகள் கிடைத்தன. ஸ்பினிஃபெரைட்டிஸ் பேரினத்தின் பல சிற்றினங்கள் மட்டுமன்றி வேறு பேரினங்களாகக் கருதப்பட்ட கூடுகளும் இப்பெயருடைய நீந்துநிலையையே ஈன்றன. கூட்டியலார் பலவாகக் கண்டதை நீந்துநிலையியலார் ஒன்றாகக் கண்டனர். யார் கண்டது சரி?

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. பால்டிக் பகுதியிலிருந்து 2002இல் விவரிக்கப்பட்ட கோனியாலாக்ஸ் பால்டிகா என்னும் சிற்றினத்தை வெவ்வேறு உப்புச்செறிவுள்ள நீரில் வளர்த்தபோது அதன் கூட்டின் முட்கள் வெவ்வேறு வகையாக அமைந்தன. லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் என்னும் கூட்டின் முள் நீளமும் நீரின் உப்புச்செறிவோடு தொடர்புடையது. உப்புக் குறைந்த நீரில் முட்கள் குறுகும். பண்டைக் கடலின் உப்பளவைக் கணிக்க இப்பண்பு பயன்படுகிறது என்பது நன்மை. வடிவ வேறுபாட்டை மட்டும் நம்பிச் சிற்றினம் பிரிப்பது தீது என்பதற்கு அதுவே சான்று.

லிங்குலோடினியத்தின் பெயர் வரலாறு தனியே நோக்கத்தக்கது. 1883இல் ஸ்டைன் என்பார் நீந்துநிலையைக் கோனியாலாக்ஸ் பாலியெட்ரா எனப் பெயரிட்டிருந்தார். கூடு 1955இல் வேறொரு பேரினத்தில் விவரிக்கப்பட்டு, 1967இல் லிங்குலோடினியம் என்னும் புதிய பேரினத்திற்கு மாற்றப்பட்டது. 1989இல் ஜான் டாட்ஜ் உயிருள்ள நீந்துநிலையையும் புதைபடிவப் பேரினமான லிங்குலோடினியத்திலேயே சேர்த்தார். கூட்டிற்கும் நீந்துநிலைக்கும் பேரினப் பெயர் ஒன்றாயிற்று. ஆனால் 2024ஆம் ஆண்டு ஹெட், மெர்ட்டென்ஸ், ஃபென்சம் ஆகியோர் உயிருள்ள வடிவத்திற்கென லிங்குலாலாக்ஸ் என்னும் தனிப் பேரினத்தை முன்மொழிந்து இரண்டையும் மீண்டும் பிரித்தனர்.

இவ்வாறு பிரிப்பது பின்னடைவாகத் தோன்றலாம். பூஞ்சைகளுக்கும் இதே போன்று பால்நிலைக்கு ஒரு பெயரும் பாலிலா நிலைக்கு ஒரு பெயரும் இருந்தன. 2011ஆம் ஆண்டு மெல்பர்னில் கூடிய தாவரவியல் மாநாடு அம்முறையை நீக்கி, ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்னும் விதியை 2013 சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுழல்கசையுயிரிகளுக்கு இரட்டைப் பெயரீடு தொடர்ந்து இடம்பெறுகிறது. உயிருள்ள மூலமாதிரியைக் கொண்ட பெயரும் புதைபடிவ மூலமாதிரியைக் கொண்ட பெயரும் ஒரே பொருளன என ஒருவர் கருதினால் முன்னதற்கே முன்னுரிமை என்பது விதி. அவ்வாறு கருதாதவர் இரண்டையும் வழங்கலாம்.

இரட்டைப் பெயரைக் காத்து நிற்போரின் வாதத்தில் வலு இருக்கிறது. கிரெட்டேசியக் காலப் பாறையில் கிடைக்கும் கூடு எந்த நீந்துநிலையிலிருந்து வந்தது என்பதை ஒருவராலும் கூற முடியாது. அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் கிரெட்டேசியப் படிவுகளிலும் இத்தகைய கூடுகள் ஆராயப்பட்டுள்ளன. எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் பாறையின் வயதை அறிய இவற்றையே நாடுகின்றனர். அவர்களுக்கு வேண்டுவது கூட்டின் நிலையான பெயர். 1993இல் ஃபென்சமும் டெய்லர் உள்ளிட்ட ஐவரும் உயிருள்ளவற்றையும் புதைபடிவங்களையும் ஒரே கட்டமைப்பில் அடக்கும் வகைப்பாட்டை வெளியிட்டபோது, குடும்பம் முதலான மேல்நிலைகளில் இரண்டையும் ஒன்றாக்க முடிந்தது. பேரின, சிற்றின நிலைகளில் சிக்கல் தொடர்ந்தது. அகராதியில் ஒரு சொல்லின் இரு பொருளை ஒரே பதிவில் தருவதா, இரு பதிவாகப் பிரிப்பதா என்னும் வினாவுக்கு எல்லார்க்கும் ஏற்ற விடை இல்லாதது போன்றதே இதுவும்.

மரபணு என்னும் மூன்றாம் சான்று

கூட்டைப் பொரிக்க வைத்துக் காத்திருக்கும் முறைக்குக் குறைகள் உண்டு. பல கூடுகள் பொரிவதில்லை. பொரிந்தாலும் சில உயிரணுக்கள் வளர்வதில்லை. 2001ஆம் ஆண்டு கிறிஸ்டோபர் போல்ச், ஒரே ஒரு கூட்டிலிருந்து நேரடியாக டி.என்.ஏ.யைப் பெருக்கிப் படிக்கும் முறையை வெளியிட்டார். இதனால் கூட்டையும் நீந்துநிலையையும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பெற்று, இரண்டின் மரபணு வரிசையையும் ஒப்பிட்டு இணைக்க முடிந்தது. 2015இல் விவரிக்கப்பட்ட கோனியாலாக்ஸ் எல்லெகார்டியே என்னும் சிற்றினத்தின் கூடு ஸ்பினிஃபெரைட்டிஸ் பேக்கிடெர்மஸ் ஆகும். இத்தகைய ஒவ்வோர் இணைப்பும் கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா என்னும் பெருங்குடையின் கீழிருந்த ஓர் உறுப்பை வெளியே கொணர்கிறது. பலவாகக் கண்ட கூட்டியலாரே இவ்வழக்கில் உண்மைக்கு அணுக்கமாக இருந்தனர் எனலாம்.

பெரும்பாலும் ஒப்பிடப்படுவது ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்குரிய மரபணு. எல்லா உயிரிலும் இருப்பது, மெல்ல மாறுவது என்னும் இரு பண்புகளால் அது உறவை அளக்க ஏற்றதாகிறது. உடல் உறுப்புகளையும் உறவுமுறைகளையும் குறிக்கும் அடிப்படைச் சொற்களைக் கொண்டு மொழிக்குடும்ப உறவை ஆராய்வதை இது நினைவூட்டுகிறது. ஒப்புமையின் எல்லையையும் கூறவேண்டும். சுழல்கசையுயிரியின் உட்கருவே விந்தையானது. அதன் குரோமோசோம்கள் எப்போதும் சுருண்டே இருக்கின்றன. பிற உயிர்களில் டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரத உருளைகள் இங்கு வழக்கமான முறையில் அமைவதில்லை. மரபுத்தொகுதியின் அளவு சில சிற்றினங்களில் மனித மரபுத்தொகுதியைப் போல் பல மடங்கு. ரைபோசோம் மரபணுவின் படிகள் ஓருயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை யாவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. ஆகவே வரிசையில் இரண்டோர் எழுத்து மாறியதைக் கொண்டே புதிய சிற்றினம் என அறிவிப்பது, ஒருவர் பேச்சில் கேட்ட ஒலித்திரிபைக் கொண்டு புதிய கிளைமொழி காண்பதற்கு நிகர்.

பெயர்கள் இடம்மாறிய கதை

அலெக்ஸாண்ட்ரியம் என்னும் பேரினத்தில்தான் பெயர்ச்சிக்கலின் விளைவு வெளிப்படையாகத் தெரிகிறது. இப்பேரினத்தின் பல சிற்றினங்கள் சாக்சிடாக்சின் என்னும் நரம்பு நஞ்சை ஆக்குகின்றன. சிப்பியும் மட்டியும் கடல்நீரை வடிகட்டி உண்ணும்போது நஞ்சு அவற்றின் தசையில் சேர்கிறது. சமைப்பதால் அது அழிவதில்லை. உண்டவர்க்கு உதடும் விரலும் மரத்து, பின் மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். 1927இல் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 102 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தனர். தமிழகத்தில் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் 1981இல் மட்டி உண்டவர்களுள் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்; 3 பேர் இறந்தனர். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமேக்காய் உண்டு 7 பேர் இறந்தனர். 500க்கும் மேற்பட்டோர் மருத்துவம் பெற்றனர்.

எந்தச் சிற்றினம் கடலில் பெருகுகிறது என்பதை அறிந்தால் அறுவடையை உரிய காலத்தில் நிறுத்தலாம். அதற்குப் பெயர் நம்பத்தக்கதாக இருக்கவேண்டும். 1925இல் மேரி லெபர், பிளைமத் நகரை ஒட்டிய டமார் ஆற்று முகத்துவாரத்தில் கண்ட உயிரியைக் கோனியாலாக்ஸ் டமரென்சிஸ் என்றார். 1936இல் கலிபோர்னியாவிலிருந்து கோனியாலாக்ஸ் கேட்டனெல்லா விவரிக்கப்பட்டது. உயிரணுக்கள் தொடராகக் கோத்து நிற்பதால் சிறு சங்கிலி என்று பெயர். 1985இல் பாலெக் என்பார் ஃபண்டி வளைகுடாவின் பெயரால் ஃபண்டியென்சே என்பதைச் சேர்த்தார். முதலிரண்டும் அலெக்ஸாண்ட்ரியத்திற்கு மாற்றப்பட்டன; மூன்றாவது அப்பேரினத்திலேயே விவரிக்கப்பட்டது. கோனியாலாக்ஸ் பெண்பாற் சொல். அலெக்ஸாண்ட்ரியம் அலிப்பாற் சொல். இலத்தீன் பால் இயைபின்படி டமரென்சிஸ் என்பது டமரென்சே ஆயிற்று. அலெக்ஸாண்ட்ரியம் என்பது பேரரசர் அலெக்சாந்தரைப் புகழ வந்த பெயரன்று. அப்பேரினம் 1960இல் முதன்முதல் விவரிக்கப்பட்ட எகிப்தியத் துறைமுகத்தின் பெயரே.

மூன்றையும் பிரித்தறிய ஆய்வாளர் நம்பிய அடையாளங்கள் இரண்டு. முதல் தகட்டில் சிறு துளை இருந்தால் டமரென்சே, இல்லையேல் ஃபண்டியென்சே. துளையின்றிச் சங்கிலியாக நின்றால் கேட்டனெல்லா. 1990களில் கிறிஸ்டோபர் ஷோலின், டொனால்டு ஆண்டர்சன் ஆகியோர் ரைபோசோம் மரபணுவை ஒப்பிட்டபோது, உயிரிகள் துளையின்படி பிரியவில்லை. ஏறத்தாழ நிலப்பகுதியின்படி பிரிந்தன. வட அமெரிக்க டமரென்சே ஐரோப்பிய டமரென்சேயைவிட வட அமெரிக்க ஃபண்டியென்சேக்கு நெருங்கியதாக இருந்தது. இறுதியில் ஐந்து குழுக்கள் தெளிவாயின.

இங்கே வாழ்க்கைச் சுற்று மீண்டும் சான்றளித்தது. துளையுள்ளதும் துளையற்றதும் ஒரே குழுவைச் சேர்ந்திருந்தால் அவை இணைந்து வளமான வழித்தோன்றல்களை ஈன்றன. நஞ்சுள்ள முதற்குழுவையும் நஞ்சற்ற மூன்றாம் குழுவையும் கலந்தபோது கருமுட்டை உருவாயினும் வாழத்தக்க வழித்தோன்றல் கிடைக்கவில்லை. வடிவம் ஒன்றாக இருந்தும் அவை இரண்டு சிற்றினங்கள் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் கழிமுகத்தில் இவ்விரண்டும் ஒருங்கே வாழ்கின்றன. நுண்ணோக்கி அங்கு நஞ்சையும் நஞ்சின்மையையும் வேறுபடுத்திக் காட்டாது.

2014இல் ஊவே ஜான் முதலியோர் ஐந்து குழுக்களுக்கும் ஐந்து சிற்றினப் பெயர் அளித்தனர். முதற்குழுவுக்கு அவர்கள் விரும்பிய பெயர் ஃபண்டியென்சே. கேட்டனெல்லா அதனினும் மூத்த பெயர் என எதிர்ப்பு எழுந்தது. 2017இல் பெயரீட்டுக் குழு மூத்த பெயரையே நிலைநிறுத்தியது. இதன் விளைவைச் சப்பானியக் கடற்கரையில் காணலாம். அங்கு நெடுங்காலம் டமரென்சே என வழங்கியது இன்று கேட்டனெல்லா. கேட்டனெல்லா என வழங்கியதோ இன்று பசிஃபிக்கம். பழைய அறிக்கை ஒன்றில் கேட்டனெல்லா என்று கண்டு, இன்றைய நூலைத் திறந்து அப்பெயரின் கீழ்ப் படிப்பவர் வேறோர் உயிரியைப் பற்றிப் படிக்கிறார். டமரென்சே என்னும் பெயர், தன் பிறப்பிடமான டமார் ஆற்றைச் சேர்ந்த மூன்றாம் குழுவுக்கே உரியதாகிவிட்டது. பல்லாண்டு நஞ்சுக்கு அடையாளமாக அறிக்கைகளில் இடம்பெற்ற சொல் இன்று பெரும்பாலும் நஞ்சற்ற உயிரியைச் சுட்டுகிறது. நாற்றம் என்னும் சொல் நறுமணத்திலிருந்து தீமணத்திற்கு மாறிய பொருள்மாற்றத்தைத் தமிழாசிரியர் வகுப்பில் எடுத்துக்காட்டுவர். அம்மாற்றத்திற்கு நூற்றாண்டுகள் பிடித்தன. இதற்குச் சில ஆண்டுகளே ஆயின.

மிகையான இணைப்பு

பருவங்களை இணைக்கும் ஆர்வமும் வழி தவறக்கூடும். அமெரிக்காவின் வட கரோலினாக் கழிமுகங்களில் மீன் சாவோடு தொடர்புபடுத்தி 1992இல் அறிவிக்கப்பட்டு 1996இல் ஃபிஸ்டீரியா பிசிசிடா எனப் பெயரிடப்பட்ட உயிரிக்கு, அமீபா வடிவங்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட வாழ்நிலைகள் கூறப்பட்டன. 1997இல் மேரிலாந்தில் ஆறுகள் சில மூடப்படும் அளவுக்கு அச்சம் பரவியது. 2002இல் வெய்ன் லிட்டேக்கர் முதலியோர் மரபணுத் துருவிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, பிற சுழல்கசையுயிரிகளுக்கு உள்ளது போன்ற எளிய சுற்றே தென்பட்டது. அமீபா நிலை அதில் இல்லை. ஒரே கலத்தில் அடுத்தடுத்துக் காணப்பட்டன என்பதால் மட்டும் இரண்டு உருவங்கள் ஓர் உயிரின் பருவங்கள் ஆகிவிடா. முதல் முடிவை வெளியிட்டோர் இதனை ஏற்கவில்லை. வாதம் சில ஆண்டுகள் நீடித்தது.

நாக்டிலூக்காவின் நிலை இதற்கு நேர்மாறு. 1810இல் மெக்கார்ட்னி அதனை ஒரு சொறிமீன் எனக் கருதி மெடுசா சின்டில்லன்ஸ் எனப் பெயரிட்டார். வெறுங்கண்ணுக்கும் புலப்படும் பருத்த கோளமாகிய அதனிடம் சுழல்கசையுயிரியின் தோற்றம் ஏதுமில்லை. அதன் இனச்செல்களைக் கண்டபோதுதான் இடைப்பள்ளமும் சுருண்ட குரோமோசோம்களும் தெரிந்தன. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது இவ்வுயிரியால். தன்னுள் பச்சைப் பாசி குடியிருக்கும் இதன் மற்றொரு வகை அதே ஆண்டு மன்னார் வளைகுடாவில் பெருகி மீன்களும் பவளங்களும் மடியக் காரணமாயிற்று. மண்டபம், பாம்பன் பகுதி மீனவர் இப்பச்சைப் படர்வைப் பூங்கோரை என்கின்றனர். ஓர் உயிரியின் பெயரன்று அது. கடலின் ஒரு நிலையின் பெயர். வலையை வீசுவதா வேண்டாவா எனத் தீர்மானிக்க வேண்டியவர்க்கு அப்பெயர் போதும்.

ஆய்வாளர்க்கு அது போதாது. இந்தியக் கடற்கரைகளின் மிதவையுயிரிப் பட்டியல்களில் டமரென்சே, கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா முதலிய பெயர்கள் இடம்பெற்றுள்ளன. தகட்டைப் பார்த்து எழுதிய பெயர்கள் அவை. தென்மேற்குக் கடற்கரை வண்டலில் உள்ள கூடுகள் 2000ஆம் ஆண்டில் பட்டியலிடப்பட்டன. அடுத்த ஆண்டே அப்பகுதி மாதிரிகளில் அலெக்ஸாண்ட்ரியம் மினுட்டத்தை மரபணு வழிக் கண்டறிந்த ஆய்வும் வெளிவந்தது. அதற்கு முந்திய பட்டியல்களில் மாதிரி பாதுகாக்கப்படாதவை ஐந்து குழுக்களுள் எதனைக் குறித்தன என்பதை ஏட்டிலிருந்து இனி அறிய இயலாது. அவ்வாண்டுகளின் சேறு மட்டும், கலைக்கப்படாத கழிமுகங்களின் அடியில், கூடுகளோடு படிந்து கிடக்கிறது.